அறுந்தது எந்தக் கண்ணி?

மின்னல் ஒன்று மின்னிற்று! அமெரிக்காவில், நியூ மெக்சிகோ மாநிலத்து ஆல்புகர்க்கி நகரில், பிலிப்ஸ் ஆலையிலே தீ மூண்டது. 2000ஆம் ஆண்டு மார்ச் 17, இரவு நேரம். பத்து நிமிடத்திற்குள் அணைத்துவிட்டார்கள். பத்திரிகையின் மூலையிலே நாலு வரி போட்டு மறந்துவிடத்தக்க செய்தி!

ஆனால் தோழர்களே, அந்தப் பத்து நிமிடத் தீ, கடல் கடந்து, சுவீடன் நாட்டின் பெருமையாக விளங்கிய எரிக்சன் நிறுவனத்தைச் சுட்டது. ஏறத்தாழ 40 கோடி டாலர் விற்பனை போயிற்று!

எப்படி? அந்த ஆலை செய்தது, கைப்பேசிக்குள்ளே இருக்கும் நகத்தளவுச் சில்லு. தூசு படிந்தாலே பாழாகும் பொருள். தீ தின்றது கொஞ்சம். தூய அறைகளிலே புகுந்த புகையும் தண்ணீரும் கெடுத்தது ஏராளம். ஆலை வாரக்கணக்கில் முடங்கிற்று.

அங்கே சில்லு வாங்கியவர்களில் பெரியவர்கள் இருவர்: பின்லாந்தின் நோக்கியா, சுவீடனின் எரிக்சன். "ஒரு வாரம் தாமதமாகும்" என்று இருவருக்கும் ஒரே சொல்தான் வந்தது. நோக்கியா அதை நம்பி உறங்கவில்லை. நாள்தோறும் விசாரித்தது, பிலிப்ஸின் மேலிடத்தையே நெருக்கி வேறு ஆலைகளிலே சில்லு செய்ய வைத்தது. எரிக்சனோ, செலவைச் சுருக்குகிறோம் என்று மாற்று விற்பனையாளரை முன்பே கைவிட்டிருந்தது. கீழே இருந்தவர்கள் அறிந்த சேதி மேலே ஏறுவதற்குள் வாரங்கள் ஓடின. சரக்கும் தீர்ந்தது! 2001இல் அதன் கைப்பேசித் தொழில் ஜப்பானின் சோனியோடு கூட்டுச் சேர்ந்தது. அந்நிலைக்குத் தீ ஒன்றே காரணமல்ல. எனினும் தீயின் பங்கு சிறிதல்ல.

இக்கதையை 2005இல் நூலொன்றில் விரித்துரைத்தார் யோசி ஷெஃபி என்னும் பேராசிரியர். மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலே விநியோகச் சங்கிலி பற்றி ஆராய்பவர். எந்த இடி எப்போது விழும் என்று எவராலும் சொல்ல முடியாது. விழுந்தபின் எழுந்து நிற்க ஆயத்தமாக முடியும் என்பது அவர் வாதம். கையிருப்பு வை, மாற்று வழி வை, அவற்றினும் மேலாக, கீழிருப்பவன் கண்டது உடனே மேலே எட்ட வழி வை! 2018இல் மற்றொரு நூலில், இயற்கையைக் காப்பது தொழிலுக்கு எப்போது பயன் தரும், எப்போது தராது என்பதையும் எடைபோட்டார்.

நல்ல ஆராய்ச்சி! நாம் கேட்கிறோம்: எழுந்து நிற்க வேண்டியது கம்பெனி மட்டுந்தானா?

தீக்குத் தப்பிய அதே நோக்கியா, 2006இல் நம் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை திறந்தது. கிராமத்துப் பெண்களும் பிள்ளைகளும் ஆயிரக்கணக்கில் வேலைக்குச் சென்றனர். பிறகு சந்தை மாறிற்று; 2014இல் கைப்பேசித் தொழில் மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறிற்று. வரி வழக்கிலே சிக்கிய இந்த ஆலையோ பின்தங்கிற்று. ஆர்டர் நின்றது, நவம்பர் 1 அன்று இயந்திரமும் நின்றது! உறுப்புகள் செய்து தந்த ஃபாக்ஸ்கான் ஆலையும் அந்த டிசம்பரிலேயே வேலையை நிறுத்திற்று.

சில்லு வராவிட்டால் வேறு ஆலை தேடலாம். கூலி வராவிட்டால்? கம்பெனிக்கு மாற்று ஆலை உண்டு. தொழிலாளிக்கு மாற்று வயிறு உண்டா?

வங்கத் தலைநகர் டாக்கா அருகே, ராணா பிளாசா கட்டடத்தில் 2013 ஏப்ரல் 23 அன்று விரிசல் கண்டார்கள். உள்ளே போக அஞ்சினர் தையல் தொழிலாளர். மறுநாள் போக வைத்தார்கள். இடிந்தது கட்டடம், மாண்டோர் 1,100க்கும் மேல்! மேல்நாட்டுக் கடைகளுக்குச் சட்டை தைத்த கைகள் அவை. கீழிருப்பவன் சொல் மேலே ஏறாததால் எரிக்சன் இழந்தது பணம். இங்கே போனது உயிர்!

எனவே தோழர்களே, சரக்குக்குக் கையிருப்பு வைப்பவன், ஆலை மூடினால் கொடுக்கக் கூலிக்கும் கையிருப்பு வைக்கட்டும். மாற்று ஆலைக்குத் திட்டமிடுபவன், ஆட்களுக்கு மாற்றுத் தொழிலும் கற்றுத் தரட்டும். இயந்திரத்தின் இருமலை முதலில் கேட்பவன் தொழிலாளி. அவன் சொல்லுக்குச் செவி கொடுக்கட்டும். சங்கிலியின் கண்ணி இரும்பல்ல, உழைக்கும் மனிதன். அவன் அறுந்தால், எந்தச் சங்கிலி நிற்கும்?