மலத்தொட்டியின் மூடி எங்கே இருக்கிறது?

புது வீட்டுக்குக் குடிபோகும்போது பால் காய்ச்சுகிறோம், சாமி படம் மாட்டுகிறோம், கூரை ஒழுகுதா என்று பார்க்கிறோம். மலசலகூடத்துத் தொட்டியின் மூடி எந்த இடத்தில் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. சில வருடம் கழித்து கக்கூஸில் தண்ணீர் இறங்காமல் நிற்கும்போதுதான் "மூடி எங்கப்பா இருக்கு?" என்று தேடுகிறோம். அதற்குள் அதன் மேல் கோழிக்கூடோ, விறகுக் கொட்டிலோ, லீக்ஸ் பாத்தியோ வந்திருக்கும். கட்டின மேசனும் ஊரில் இருக்க மாட்டார்.

தொட்டிக்குள் நடப்பது என்ன?

மலசலகூடத்திலிருந்து வருவது முதலில் மலத்தொட்டிக்குள் விழுகிறது. பாரமானது அடியில் சேறாகப் படிகிறது. எண்ணெய்ப் பசையும் இலேசானதும் மேலே ஆடையாக மிதக்கிறது. நடுவில் உள்ள தண்ணீர் மட்டும் வெளியேறி, உறிஞ்சு குழி வழியாக மண்ணுக்குள் போகிறது. அடிச்சேறு வருடா வருடம் உயரும். தொட்டியின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு வந்துவிட்டால் அதை எடுத்துவிட வேண்டும். சாதாரணக் குடும்பத்துக்கு இது 3 முதல் 5 வருடத்துக்கு ஒரு தடவை வரும். எடுக்காவிட்டால் சேறு உறிஞ்சு குழிக்குள் போய் மண்ணை அடைத்துவிடும். பிறகு புதுக்குழிதான் வெட்ட வேண்டும்.

மூடியைக் கண்டுபிடிப்பது எப்படி?

1. மலசலகூடத்தின் பின்பக்கம் குழாய் எந்தத் திசையில் வெளியே போகிறது என்று பாருங்கள். கழிவு சரிவில்தான் ஓடும். ஆகவே நம் மலைப்பகுதியில் தொட்டி பெரும்பாலும் பள்ளப் பக்கத்தில் இருக்கும்.

2. காற்றுக்குழாய் நிற்கிறதா என்று தேடுங்கள். அனேகமாக அதன் அருகிலேயே தொட்டி இருக்கும்.

3. மெல்லிய இரும்புக் கம்பியால் மண்ணை மெதுவாகக் குத்திப் பாருங்கள். 'டக்'கென்று கொங்கிரீட்டில் தட்டினால் அங்கிருந்து நாலு பக்கமும் தேடி ஓரங்களைக் கண்டுகொள்ளலாம். அலவாங்கால் ஓங்கிக் குத்த வேண்டாம். குழாயும் உடையும், மூடியும் உடையும்.

4. தேடும்போது தொட்டியின் மேல் நிற்க வேண்டாம். உள்ளே உண்டாகும் வாயு கொங்கிரீட்டையும் கம்பியையும் அரித்துவிடும். பழைய மூடி மேலே நல்லா இருக்கிற மாதிரி தெரியும், காலை வைத்தால் உடைந்துவிடும்.

கண்டுபிடித்ததை மறக்காமல் வைப்பது

வீட்டின் பின்புறத்து இரண்டு மூலைகளிலிருந்தும் மூடிக்கு அளவு எடுங்கள். வலது மூலையிலிருந்து 11 அடி, இடது மூலையிலிருந்து 17 அடி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கயிற்றை அந்த அளவுக்கு வெட்டி இழுத்துப் பிடித்தால், வீட்டுக்குப் பின்னால் இரண்டும் சந்திக்கிற இடம்தான் மூடி. இந்த இரண்டு இலக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதி, பிறப்புச் சான்றிதழ் வைக்கிற பெட்டியில் வையுங்கள். கடைசியாகச் சேறு எடுத்த திகதியையும் அதிலேயே எழுதுங்கள்.

மூடி எப்படி இருக்க வேண்டும்?

மழைக்கு மேட்டு மண் கரைந்து வந்து மூடியைப் புதைத்துவிடும். ஆழத்தில் புதைந்த மூடியென்றால், கல்லும் சீமெந்தும் வைத்துக் கழுத்தை நிலத்துக்குச் சற்று மேலே உயர்த்திக் கட்டலாம். மழைத்தண்ணீர் உள்ளே போகாதபடி மேட்டுப் பக்கம் சின்னக் கான் வெட்டி விடுங்கள். மூடியின் ஓரத்தை மணல் கூடிய, சீமெந்து குறைந்த கலவையால் பூசினால் அடுத்த தடவை உடைக்காமல் திறக்கலாம். காற்றுக்குழாயின் வாயில் நுளம்பு வலை கட்டுங்கள். மூடி பிள்ளைகளால் தூக்க முடியாத பாரமாக இருக்க வேண்டும். வெடித்துவிட்டால் அன்றைக்கே அந்த இடத்தை அடைத்து, உடனே புது மூடி போட வேண்டும்.

உயிருக்கு ஆபத்து

மூடியைத் திறக்கும்போது பீடி, தீக்குச்சி, குப்பி விளக்கு எதுவும் கிட்ட வரக்கூடாது. உள்ளே இருப்பது தீப்பிடிக்கிற வாயு, மூச்சையும் அடைக்கிற வாயு. எந்தக் காரணத்துக்கும், சேறு எடுத்து முடிந்த பிறகும், யாரும் உள்ளே இறங்கக் கூடாது. ஒருவர் விழுந்துவிட்டால் காப்பாற்ற என்று அடுத்தவர் குதிக்கவே கூடாது. குதித்தால் இரண்டு உயிர் போகும். ஆட்களைக் கூப்பிடுங்கள், வெளியே நின்றே கயிறு போடுங்கள், 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் வரவழையுங்கள்.

சேற்றை எங்கே விடுவது?

ராத்திரியோடு ராத்திரியாகக் கானில் திறந்து விடுகிற பழக்கம் சில இடங்களில் உண்டு. அந்தக் கான் கீழ் டிவிசனின் பீலிக்குப் போகிறது. அங்கே தண்ணீர் பிடிப்பதும் நம் சனம்தான். வயிற்றோட்டமும் நெருப்புக் காய்ச்சலும் மஞ்சள் காமாலையும் இப்படித்தான் பரவுகின்றன. பிரதேச சபையின் கழிவு பவுசரைக் கேளுங்கள். 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் 2018 இல் திருத்தப்பட்டபோது, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் வேலை செய்ய இருந்த சட்டத்தடை நீங்கிவிட்டது. ஆகவே கேட்கத் தயங்க வேண்டாம். பவுசர் படிக்கட்டு ஏறாது. பாதையிலிருந்து உங்கள் தொட்டிக்கு எத்தனை அடி என்று அளந்து சொன்னால், அதற்கேற்ற குழாயோடு வருவார்கள். நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒரே நாளில் கேட்டால் இன்னும் நல்லது.

வருகிற லீவு நாளில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். கம்பியும் கயிறும் எடுத்து உங்கள் மூடியைத் தேடி அளந்து எழுதுங்கள். பக்கத்து வீட்டாருக்கும் சொல்லிக் கொடுங்கள்.