வரி வீதம் மாறும் இரவும் நமது கணக்கும்



கொப்பியில் கணக்கு எழுதிய காலத்தில் ஒரு கடையின் தவறு அந்தக் கடையோடு நின்றுவிடும். இப்போது காலம் மாறிவிட்டது. திருமலை நகரம், கின்னியா, மூதூர், குச்சவெளி, இங்கே எங்கள் நிலாவெளி என எல்லா ஊரிலும் கணனியில் பில் அடிக்கும் கடைகள் உண்டு. பல கடைகளில் மேசையில் இருப்பது கணனி மட்டும்தான். கணக்கு முழுவதும் சொப்ட்வெயார் தந்தவரின் சேர்வரில் இருக்கிறது. அதே சேர்வரில் நமது கணக்கோடு இன்னும் முப்பது, நாற்பது கடைகளின் கணக்கும் இருக்கலாம்.

இது குறை சொல்ல வேண்டிய ஏற்பாடு அல்ல. செலவு குறைவு, கடையில் கணனி பழுதானாலும் கணக்கு தப்பும். ஆனால் இதில் ஒரு விடயத்தை முதலாளிமார் தெரிந்திருக்க வேண்டும். வரி வீதம் மாறும் நாளில் அந்தத் தம்பி நாற்பது கடைக்கும் தனித்தனியாக உட்கார்ந்து மாற்றுவதில்லை. ஒரே கட்டளையை எழுதி எல்லாக் கடையின் கணக்கிலும் ஓட விடுகிறார். அந்தக் கட்டளை சரியாக ஓடினால் ஐந்து நிமிட வேலை. பிழைத்தால் நாற்பது கடைக்கும் ஒரே இரவில் பிழைக்கும்.

அலுமாரியும் லாச்சிகளும்

சேர்வரை ஒரு பெரிய இரும்பு அலுமாரி என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு லாச்சி. அந்த லாச்சியைத்தான் தரவுத்தளம் என்கிறார்கள். லாச்சிக்குள் பொருட்பட்டியல், வாடிக்கையாளர் கடன், பில்கள் எல்லாம் தனித்தனி அட்டவணையாக இருக்கும். ஒரு கடையின் லாச்சிக்குள் மற்றக் கடைக்காரர் கை வைக்க முடியாது. ஆனால் அலுமாரியின் பெரிய சாவி ஒருவரிடம் இருக்கிறது. அந்தச் சாவியால் அவர் ஒவ்வொரு லாச்சியாகத் திறந்து, ஒரே திருத்தத்தை எழுதி, மூடிக்கொண்டு போகலாம். இந்த வேலையைக் கையால் செய்யாமல் கணனியையே செய்ய வைப்பதுதான் நாம் பேசும் கட்டளை.

ஏன் அடிக்கடி தேவைப்படுகிறது?

வற் என்று நாம் சொல்லும் பெறுமதி சேர் வரி, 2002ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. அதன் பொது வீதம் அண்மைக் காலத்தில் ஓடிய ஓட்டத்தைப் பாருங்கள். 2016 மே 2இல் 11 வீதம் 15 வீதமானது. உயர் நீதிமன்றம் தலையிட்டதால் ஜூலை 11 முதல் மறுபடி 11. அதே ஆண்டு நவம்பர் 1 முதல் மறுபடி 15. 2019 டிசம்பர் 1 முதல் 8. 2022 ஜூன் 1 முதல் 12. அந்த ஆண்டு ஆகஸ்ட் 30இல் இடைக்கால வரவு செலவுத் திட்டம் வாசிக்கப்பட்டது, செப்டெம்பர் 1 முதல் 15. 2024 ஜனவரி 1 முதல் 18.

எட்டு ஆண்டுகளுக்குள் ஏழு மாற்றம். இடைக்கால வரவு செலவுத் திட்டத்துக்கும் புதிய வீதத்துக்கும் நடுவே கிடைத்தது ஒரே ஒரு முழு நாள். அந்த ஒரு நாளில் நாற்பது கடைக்கும் நேரில் போய்வர எந்தத் தம்பியாலும் முடியாது. ஆகவே ஒரே கட்டளை என்பது சோம்பேறித்தனம் அல்ல, தேவை. அதை எப்படி ஓட்டுகிறார்கள் என்பதில்தான் நமது லாப நட்டம் இருக்கிறது.

ஒரு சிறு கணக்கு

மாதம் வரி நீங்கலாக 50 இலட்சம் ரூபா விற்கும் கடை ஒன்று. வாடிக்கையாளரிடம் 15 வீதம் சேர்த்து 57 இலட்சத்து 50 ஆயிரம் வாங்குகிறது. வீதம் 18 ஆகிவிட்டது, ஆனால் கணனியில் 15ஆகவே நின்றுவிட்டது. இறைவரித் திணைக்களம் வாங்கிய மொத்தப் பணத்தை 18 வீத வரியும் சேர்ந்த தொகையாகத்தான் பார்க்கும். அந்தக் கணக்கில் வரி 8 இலட்சத்து 77 ஆயிரத்து 119 ரூபா. கடை வாங்கி வைத்த வரியோ 7 இலட்சத்து 50 ஆயிரம். குறைவது 1 இலட்சத்து 27 ஆயிரத்து 119 ரூபா. இது ஒரு மாதத்துக்கு மட்டும். போன வாடிக்கையாளரைத் தேடிப் பிடித்து மிச்சம் மூன்று வீதத்தைக் கேட்க முடியுமா? முதலாளியின் கைப்பணத்தில்தான் கட்ட வேண்டும். சொப்ட்வெயார் பிழை என்று சொன்னால் தண்டப்பணம் நின்றுவிடாது. வரிப் பத்திரத்தில் இருப்பது நமது கையெழுத்து.

பிழைக்கும் இடங்கள் நான்கு

முதலாவது, "கூட்டு" என்று எழுதுவது. 15இலிருந்து 18 என்றால் மூன்றைக் கூட்டினால் போதும் என்று நினைத்து, இருக்கும் வீதத்தோடு 3 ஐக் கூட்டு என்று கட்டளை எழுதுவார்கள். கரண்ட் போகிறது, அல்லது இணைப்பு அறுகிறது. எங்கே நின்றது என்று தெரியாமல் மறுபடி ஓட்டுவார்கள். முதலில் மாறிய கடைகளில் 18 ஆனது 21 ஆகிவிடும். "15 என்று இருப்பதை 18 ஆக்கு" என்று எழுதினால் இந்தத் தொல்லை இல்லை. பத்துத் தடவை ஓடினாலும் 18 தான் நிற்கும், ஏனென்றால் இரண்டாம் தடவை மாற்றுவதற்கு 15 என்று ஒன்றும் மிஞ்சியிருக்காது.

இரண்டாவது, பழைய பில்கள். சில சொப்ட்வெயாரில் பில்லுக்குள் வீதம் எழுதப்படுவதில்லை, பொருளின் இன்றைய வீதத்தைப் பார்த்தே கணக்குப் போடும். அப்படியானால் ஜனவரியில் வீதத்தை மாற்றியதும் டிசம்பர் பில்லும் 18 வீதமாக மாறிக் காட்டும். டிசம்பர் 28இல் 15 வீதத்துக்கு விற்ற தண்ணீர்ப் பம்பு ஜனவரி 5இல் திரும்பி வந்தால், நாம் வாங்கியது 15 வீதம், திருப்பிக் கொடுக்க வேண்டியதும் அதுவே. சரியான ஏற்பாட்டில் பழைய வீதத்தை அழிக்க மாட்டார்கள். இன்ன திகதி முதல் இன்ன வீதம் என்று புதிய பதிவு ஒன்றைச் சேர்ப்பார்கள். அப்படிச் செய்தால் நள்ளிரவில் விழித்திருக்கவும் தேவையில்லை. ஒரு கிழமை முன்பே ஏற்றி வைத்தால் திகதி வந்ததும் தானாக நடைமுறைக்கு வரும்.

மூன்றாவது, எல்லாக் கடையும் ஒன்றல்ல, எல்லாப் பொருளும் ஒன்றல்ல. 2024 ஜனவரி 1இல் வீதம் மட்டும் மாறவில்லை. அதுவரை விலக்குப் பெற்றிருந்த பெற்றோல், டீசல், சமையல் கேஸ், கைப்பேசி போன்றவை வரிக்குள் வந்தன. "15 ஐ 18 ஆக்கு" என்ற கட்டளை இவற்றைத் தொடவே தொடாது, ஏனென்றால் அவை 15இல் இருக்கவில்லை, வரியில்லாமல் இருந்தன. அவற்றுக்கு வேறொரு கட்டளை வேண்டும். அதேபோல் வற்றுக்குப் பதிய வேண்டிய ஆண்டு விற்பனை எல்லை 2020 ஜனவரி முதல் 30 கோடி ரூபாவாக இருந்தது. 2022 ஒக்டோபர் 1 முதல் 8 கோடி, 2024 ஜனவரி 1 முதல் 6 கோடி என்று இறங்கியது. எல்லை இறங்கும்போது நேற்று வரை பதியாத கடை இன்று பதிந்த கடையாகிறது. பதியாத கடையோ வற் என்று ஒரு சதமும் வாங்கக் கூடாது. எல்லா லாச்சியிலும் கண்ணை மூடிக்கொண்டு ஒரே கட்டளையை ஓட்டினால், பதியாத கடையின் பில்லிலும் வரி விழுந்துவிடலாம். உரிமையில்லாத வரியை மக்களிடம் வாங்கியவராக நாம் ஆகிவிடுவோம்.

நான்காவது, விடுபட்ட கடை. இதுதான் மிகவும் ஆபத்தானது, ஏனென்றால் சத்தமே வராது. மைக்ரோசொப்ட்டின் எஸ்.கியூ.எல். சேர்வரில், எல்லாத் தரவுத்தளத்திலும் ஒரு கட்டளையை ஓட்டும் வழி ஒன்று உள்ளேயே இருக்கிறது. ஆனால் அந்த நிறுவனம் தனது கையேட்டில் அதை எழுதி வைக்கவில்லை. சில தரவுத்தளங்களை அது சொல்லாமலே தாண்டிவிடுகிறது என்று தொழில் தெரிந்தவர்கள் நெடுங்காலமாக எச்சரித்து வருகிறார்கள். அது தாண்டாவிட்டாலும், அந்த நேரத்தில் மூடி வைக்கப்பட்டிருந்த லாச்சி மாறாது. பழைய பதிப்பு சொப்ட்வெயார் ஓடும் கடையில் அட்டவணையின் பெயரே வேறாக இருக்கலாம், அங்கும் மாறாது. தனியாக ஒரு மடிக்கணனியில் பில் அடிக்கும் கிளைக் கடையோ அந்த அலுமாரியிலேயே இல்லை.

பெரியவர்களுக்கும் நடந்தது

இது நம்மூர்த் தம்பிமாரின் குறை என்று எண்ண வேண்டாம். அவுஸ்திரேலியாவின் அட்லாசியன் உலகறிந்த சொப்ட்வெயார் நிறுவனம். 2022 ஏப்ரல் 5ஆம் திகதி, பாவனையில் இல்லாத ஒரு பழைய சொப்ட்வெயாரைப் பல வாடிக்கையாளரின் தளங்களிலிருந்து நீக்க ஒரு கட்டளை ஓட்டினார்கள். கேட்ட குழுவுக்கும் செய்த குழுவுக்கும் இடையில் பேச்சு சரியாக இல்லை. நீக்க வேண்டிய சொப்ட்வெயாரின் இலக்கங்களுக்குப் பதிலாக வாடிக்கையாளரின் முழுத் தளங்களின் இலக்கங்கள் பட்டியலில் கொடுக்கப்பட்டன. அத்தோடு, திரும்ப எடுக்கக்கூடிய விதமாக அல்லாமல் அடியோடு அழிக்கும் விதமாகக் கட்டளை ஓடியது. அரை மணி நேரத்துக்குள் 775 வாடிக்கையாளரின் 883 தளங்கள் போய்விட்டன. கடைசித் தளம் திரும்பி வர ஏப்ரல் 18 ஆனது.

பெக்கப் இல்லாமல் அல்ல, இருந்தது. ஆனால் பல வாடிக்கையாளரின் தரவு கலந்திருந்ததால், மற்றவர்களின் புதிய வேலையை அழிக்காமல் போனவர்களின் பங்கை மட்டும் பிரித்து எடுப்பதற்கே அத்தனை நாள் பிடித்தது. கடைக்கு ஒரு லாச்சி என்ற ஏற்பாட்டின் நன்மை இங்கே விளங்கும். நமது தரவுத்தளமும் அதன் பெக்கப்பும் தனியாக இருந்தால், மற்றவர்களைத் தொடாமல் நமது கணக்கை மட்டும் நேற்றைய நிலைக்குக் கொண்டுவர முடியும்.

முறையாகச் செய்வது எப்படி?

நல்ல தொழில் தெரிந்தவர் இப்படித்தான் செய்வார். முதலில் எந்தெந்தக் கடை என்று பட்டியல் எழுதுவார். சேர்வரின் சொந்த வேலைக்கான தரவுத்தளங்களை ஒதுக்கிவிடுவார், பதிந்த கடை எது, பதியாத கடை எது என்று பிரிப்பார். ஒவ்வொரு கடைக்கும் தனி பெக்கப் எடுப்பார், ஒன்றையாவது திறந்து பார்த்து அது வேலை செய்கிறதா என்று சோதிப்பார். மாற்றுவதற்கு முன், மாறப்போகும் பொருட்கள் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பார். ஒரு கடையின் நகலில் ஓட்டி ஒரு பில் அடித்துப் பார்ப்பார். பிறகுதான் மற்றவை.

ஓட்டும்போதும் ஒவ்வொரு கடையையும் தனி வேலையாக வைப்பார். அதாவது ஒரு கடைக்குள் ஒன்றில் முழுவதும் மாற வேண்டும், இல்லையேல் ஒன்றுமே மாறக் கூடாது, பாதியில் நிற்கக் கூடாது. இருபத்து மூன்றாவது கடையில் தடங்கல் வந்தால் அதைக் குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போவார், பின்னர் திரும்பி வந்து பார்ப்பார். எந்தக் கடையில், எத்தனை மணிக்கு, எத்தனை பொருள் மாறியது என்பது ஒரு பதிவேட்டில் தானாக எழுதப்படும். கடைசியில் எல்லாக் கடையிலும் பழைய 15 இன்னும் எங்காவது நிற்கிறதா என்று மறுபடி தேடுவார்.

நாம் கேட்க வேண்டியவை

இதையெல்லாம் முதலாளி கற்றுக்கொள்ளத் தேவையில்லை. தேங்காய் வாங்கும்போது தட்டிப் பார்க்கிறோம் அல்லவா, அதுபோல் சில கேள்விகள் போதும். பட்டியலில் எனது கடை இருந்ததா? கிளைக் கடையும் இருந்ததா? எனது கணக்கில் எத்தனை பொருள் மாறியது? மாற்றுவதற்கு முன் எடுத்த பெக்கப் எங்கே? போன மாத பில் ஒன்றை இப்போது அடித்தால் பழைய வீதமே வருகிறதா? இவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள். அத்தோடு புதிய வீதம் தொடங்கும் காலையில் கடை திறந்ததும், வாடிக்கையாளர் வருவதற்கு முன், மூன்று பில் அடித்துப் பாருங்கள். வரியுள்ள பொருள் ஒன்று, வரியில்லாத பொருள் ஒன்று, புதிதாக வரிக்குள் வந்த பொருள் ஒன்று. கல்குலேட்டரில் சரி பாருங்கள்.

இன்னொரு கேள்வியும் உண்டு. எல்லா லாச்சியிலும் எழுத முடிந்த சாவியால் எல்லா லாச்சியையும் வாசிக்கவும் முடியும். நமது கொள்முதல் விலை, யார் யார் எவ்வளவு கடன் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அந்தச் சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது, வேலையை விட்டுப் போனவரிடம் இன்னும் இருக்கிறதா என்று கேட்பது சந்தேகம் அல்ல. அது அமானிதத்தைப் பற்றிய கேள்வி.

சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம் குர்ஆனிலேயே மிக நீண்டது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளவும், எழுதுபவர் நீதியாக எழுதவும், சாட்சி வைத்துக்கொள்ளவும் அது நம்மைப் பணிக்கிறது. இன்று நமக்காக எழுதுபவர் சேர்வர் வைத்திருக்கும் தம்பி. அவர் ஓட்டிய கட்டளையின் பதிவேடும், நாம் அடித்துப் பார்த்த மூன்று பில்லும் நமக்குச் சாட்சி. அடுத்த வரவு செலவுத் திட்டம் வாசிக்கப்படும் வரை காத்திருக்க வேண்டாம். இந்தக் கேள்விகளை இந்தக் கிழமையே கேட்டு வையுங்கள்.