காற்றுச் சுரங்கத்தில் வானூர்தி

புதுக்கோட்டையிலிருந்து திருச்சிக்கு விரையும் பேருந்தில் சன்னலோரம் அமர்ந்திருப்பவர், இலை அசையாத நண்பகலிலும் முகத்தில் காற்று மோதுவதை உணர்வார். நிலைத்த காற்றில் பொருள் நகர்ந்தாலும், நிலைத்த பொருளின்மீது அதே வேகத்தில் காற்று பாய்ந்தாலும், தோன்றும் விசை ஒன்றே. இவ்வுண்மையே காற்றுச் சுரங்கத்தின் அடிப்படை. வானூர்தியின் சிறு மாதிரியை அசையாமல் நிறுத்தி, அதன்மீது காற்றைப் பாய்ச்சி விசைகளை அளப்பர். ரைட் சகோதரர்கள் 1901இல் ஆறடி நீளப் பெட்டியொன்றில் ஏறத்தாழ 200 இறக்கை வடிவங்களைச் சோதித்தனர். 1903இல் வானில் பறந்தனர்.

பெங்களூரு தேசிய வான்வெளி ஆய்வகத்தில் 1.2 மீட்டர் அகலமும் உயரமும் கொண்ட காற்றுச் சுரங்கம் 1967 முதல் இயங்கிவருகிறது. ஒலியைப்போல நான்கு மடங்கு வேகம்வரை அதில் சோதிக்கலாம். தொட்டிகளில் அழுத்திச் சேமித்த காற்றைத் திறந்துவிடுவதால், ஒவ்வொரு சோதனையும் குறுகிய நேரமே நீடிக்கும். அதற்குள் எல்லா அளவீடுகளையும் பதிவுசெய்தல் வேண்டும்.

இதனினும் பெரிய சிக்கல் மாதிரியின் அளவில் உள்ளது. காற்றோட்டத்தின் தன்மையைக் குறிக்கும் ரெனால்டு எண், அடர்த்தி, வேகம், நீளம் ஆகியவற்றின் பெருக்கற்பலனைப் பாகுநிலையால் வகுக்கக் கிடைப்பது. மாதிரி பத்தில் ஒரு பங்கானால் அவ்வெண்ணும் பத்தில் ஒரு பங்காகும். வேகத்தைப் பத்து மடங்காக்கினால் காற்று ஒலியின் வேகத்தைக் கடந்து, ஓட்டத்தின் இயல்பே மாறிவிடும். எனவே காற்றை அழுத்தி அடர்த்தியைக் கூட்டுவர். ஜெர்மனியின் கொலோன் நகரிலுள்ள சுரங்கத்தில் காற்றுக்கு மாற்றாகக் கடுங்குளிர் நைட்ரஜனைச் செலுத்துகின்றனர். குளிர்ந்தால் வாயுவின் அடர்த்தி கூடும், பாகுநிலை குறையும்.

வானத்திற்குச் சுவர்கள் இல்லை, சுரங்கத்திற்கு உண்டு. ஒலியின் வேகத்தையொட்டி எழும் அதிர்ச்சி அலைகள் சுவரில் பட்டுத் திரும்பி, மாதிரியைத் தாக்கக்கூடும். இதனைக் குறைக்கச் சுவர்களில் துளைகள் அமைப்பர். மாதிரியைத் தாங்கும் தண்டும் காற்றோட்டத்தைக் குலைப்பதால், அதன் விளைவைத் தனியே கணித்துக் கழிப்பர்.

ஆகவே, சுரங்கம் தரும் எண்களை அப்படியே ஏற்பதில்லை, திருத்தியே பயன்படுத்துவர். தேஜஸ் போர் விமானத்தின் மாதிரிகள் இந்தப் பெங்களூரு சுரங்கத்திலேயே சோதிக்கப்பட்டன. 2001 சனவரி 4 அன்று விங் கமாண்டர் ராஜீவ் கோத்தியால் அவ்விமானத்தை முதன்முதலாக வானில் செலுத்தினார். அதுவரை எவரும் ஓட்டிப் பார்த்திராத விமானத்தில் ஏறிய அவருடைய உயிர், இத்தகைய திருத்தங்களின் துல்லியத்தையும் நம்பியிருந்தது.