தானே முகவரி அமைக்கும் கருவிகள்

ஆடி அமாவாசைத் தீர்த்தோற்சவத்துக்காகத் திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமி ஆலயத்துக்கு வரும் அடியார்கள் பலரின் கைகளில் இன்று கைத்தொலைபேசி உண்டு. தங்கும் வீட்டின் வைபையில் அதனை இணைத்ததும் இணையம் கிடைத்துவிடுகின்றது. முகவரி இல்லாத கருவிக்கு இணையத்தில் எத்தகவலும் வந்து சேராது. அவ்வாறாயின், அம்முகவரியை வழங்கியவர் யார்?

இதற்கு இரு வழிகள் உள்ளன. 1993 இல் வரையறுக்கப்பட்ட டீ.எச்.சீ.பி. முறையில், புதிதாக இணையும் கருவி தனக்கு முகவரி வேண்டும் என வலையமைப்பு முழுவதற்கும் கேட்கும்படி அறிவிக்கின்றது. வீட்டிலுள்ள ரவுட்டர், தன்னிடம் எஞ்சியுள்ள இலக்கங்களுள் ஒன்றைக் குறிப்பிட்ட காலத்துக்குக் குத்தகையாக வழங்குகின்றது. தவணை முடிந்தபின் அது வேறொரு கருவிக்குச் செல்லலாம்.

இம்முறை தோன்றிய காலத்து நான்காம் பதிப்பு முகவரிகள் ஏறத்தாழ 430 கோடி மட்டுமே. உலகப் பொதுக் கையிருப்பில் அவை 2011 பெப்ரவரியில் தீர்ந்தன. ஆறாம் பதிப்பில் அத்தகைய பஞ்சம் இல்லை. அதற்காக 1996 இல் வரையறுக்கப்பட்ட இரண்டாவது வழியில், ரவுட்டர் முகவரியின் முற்பாதியை மட்டுமே அறிவிக்கின்றது. பிற்பாதியைக் கருவி தானே அமைத்து, அதே முகவரி அவ்வலையமைப்பில் பயன்பாட்டில் உள்ளதா என விசாரித்த பின்னரே ஏற்கின்றது.

இவ்வசதியில் ஓர் ஆபத்தும் மறைந்திருந்தது. தொடக்கத்தில் அப்பிற்பாதி, உற்பத்தியின்போது கருவிக்கு இடப்பட்ட வன்பொருள் இலக்கத்திலிருந்தே ஆக்கப்பட்டது. ஒருவர் திருக்கோவிலிலிருந்து கல்முனைக்கோ கொழும்புக்கோ சென்றால் முற்பாதி மாறும், பிற்பாதி மாறாது. அவர் பார்வையிடும் இணையத்தளம், பெயர் கேளாமலே, இரு ஊர்களிலிருந்தும் வந்தது ஒரே கருவி என அறிந்துகொள்ளலாம்.

இதற்குப் பரிகாரமாக, எழுமாற்றாக ஆக்கப்பட்டுச் சிறிது காலத்தில் கைவிடப்படும் தற்காலிக முகவரிகள் 2001 இல் வரையறுக்கப்பட்டன. இன்றைய கைத்தொலைபேசிகளிலும் கணனிகளிலும் இவை பொதுவாகத் தாமே இயங்குகின்றன. ஆயினும், பழைய கண்காணிப்புக் கமெரா போன்ற கருவிகள் சில இன்னும் வன்பொருள் இலக்கத்தையே வெளிக்காட்டக்கூடும். இணையச் சேவை நிறுவனம் வீட்டுக்குரிய முற்பாதியை அடிக்கடி மாற்றினாலும், மாறாப் பிற்பாதியுடைய அந்த ஒரு கருவி அவ்வீட்டை இனங்காட்டிவிடும்.

கதவுக்குப் பூட்டு வாங்கும்போது காட்டும் கவனத்தை, வீட்டு வலையமைப்பில் இணைக்கும் கருவிகளிலும் காட்டுதல் வேண்டும். மென்பொருள் புதுப்பித்தல்கள் தொடர்ந்து கிடைக்கும் கருவியையே வாங்குவதும், அவற்றைத் தவறாது நிறுவுவதும் அதன் முதற்படியாகும்.