கோர்ட்டில் இருந்து காகிதம் வந்தால்

கொச்சி நகரத்தை ஒட்டிக் காக்கநாடு இருக்கிறது. எறணாகுளம் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இங்கேதான். மாவட்டச் சிறையும் இங்கேதான். உயரமான கட்டடங்கள் எழும்பும் ஊர் இது. அந்தக் கட்டடங்களில் செங்கல் அடுக்கவும் சாரம் கட்டவும் தமிழ்நாட்டில் இருந்து பலர் வந்திருக்கிறார்கள்.

அப்படி வந்த ஒரு கொத்தனாரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கும் மனைவிக்கும் ஒத்துப்போகவில்லை. மனைவி இரண்டு பிள்ளைகளோடு மட்டாஞ்சேரியில் தனியாக இருக்கிறார். வழக்கு குடும்ப நீதிமன்றத்துக்குப் போனது. மாதம் 6000 ரூபாய் ஜீவனாம்சம் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு ஆனது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர் பிள்ளைகளைப் பார்க்கலாம் என்றும் உத்தரவு ஆனது.

ஓர் ஆண்டு ஒழுங்காகப் பணம் கொடுத்தார். பிறகு சாரத்தில் இருந்து விழுந்தார். கால் எலும்பு முறிந்தது. நான்கு மாதம் வேலை இல்லை. பணமும் கொடுக்கவில்லை.

ஒருநாள் தபால்காரர் ஒரு காகிதம் கொடுத்தார். அது தமிழில் இல்லை. கொத்தனார் அதை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தார்.

"அண்ணே, அது என்ன காகிதம்?" என்று பக்கத்து அறை இளைஞர் கேட்டார்.

"கோர்ட் காகிதம் தம்பி. கையில் பணம் இல்லை. போனால் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள்."

"போகாமல் இருந்தால்தான் அண்ணே பிடிப்பார்கள்."

தம்பி சொன்னதுதான் சரி. அது ஏன் என்று பார்ப்போம்.

நீதிமன்ற அவமதிப்பு என்றால் என்ன?

நீதிபதியைத் திட்டுவது மட்டும் அவமதிப்பு அல்ல. கோர்ட் உத்தரவை வேண்டுமென்றே மீறுவதும் அவமதிப்புதான். கோர்ட்டில் எழுதிக் கொடுத்த உறுதியை வேண்டுமென்றே மீறுவதும் அவமதிப்புதான். 1971ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் இப்படிச் சொல்கிறது.

இந்தச் சட்டப்படி 6 மாதம் வரை சிறை உண்டு. 2000 ரூபாய் வரை அபராதம் உண்டு. இரண்டும் சேர்ந்தும் வரலாம். கீழ்க் கோர்ட்டின் உத்தரவை மீறினாலும், இந்தச் சட்டப்படி தண்டிக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கு உண்டு. கேரள உயர் நீதிமன்றம் எறணாகுளத்தில் இருக்கிறது.

ஜீவனாம்சப் பாக்கிக்குப் பெரும்பாலும் வேறு வழி இருக்கிறது. பாக்கியை வசூலிக்கக் கேட்டு மனைவி மனுப் போடலாம். கோர்ட் வாரண்ட் அனுப்பும். தகுந்த காரணம் இல்லாமல் கட்டாதவரைச் சிறைக்கும் அனுப்பலாம். ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை என்று சட்டம் சொல்கிறது. சிறைக்குப் போய் வந்தாலும் கடன் தீராது. பாக்கி பாக்கிதான்.

சட்டம் ஏன் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறது? பணம் வராத மாதம் மட்டாஞ்சேரி வீட்டில் என்ன நடக்கும்? அரிசிக்குக் கடன். வாடகைக்குக் கடன். பிள்ளைகளின் பள்ளிச் செலவு நிற்கும். அதனால்தான் இந்தக் கண்டிப்பு.

பணக்காரரும் தப்ப முடியாது. கென்யா நாட்டில் வாழும் ஒருவருக்கு 2020இல் உச்ச நீதிமன்றம் மகனை ஒப்படைத்தது. மகனைத் தாய் பார்ப்பதற்கு வழி செய்வேன் என்று அவர் உறுதி கொடுத்தார். அந்த உறுதியைக் காப்பாற்றவில்லை. 2022இல் அவர் அவமதிப்புக் குற்றவாளி என்று அதே நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

முடியாமை வேறு, மறுப்பு வேறு

சட்டத்தில் ஒரு முக்கியமான சொல் இருக்கிறது. "வேண்டுமென்றே" என்பதே அந்தச் சொல். தெரிந்தும், திட்டமிட்டும் மீறினால்தான் அவமதிப்பு. தற்செயலாக நடந்தது அவமதிப்பு ஆகாது. உண்மையிலேயே முடியாமல் போனதும் ஆகாது. 2014இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது.

கையில் பணம் வைத்துக்கொண்டு கொடுக்காதவர் மறுக்கிறார். கால் முறிந்து கிடப்பவரால் முடியவில்லை. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் கால் முறிந்தது கோர்ட்டுக்கு எப்படித் தெரியும்? நாம்தான் சொல்ல வேண்டும். காகிதத்தோடு சொல்ல வேண்டும். பெட்டிக்கு அடியில் நோட்டீஸை வைத்தால், வேண்டுமென்றே வராதவர் என்றுதான் கோர்ட் நினைக்கும்.

என்ன பதில் சொல்லலாம்?

அவமதிப்பு என்று குற்றம் சாட்டினால், உண்மைக்கு ஏற்ப இப்படிப் பதில் சொல்லலாம்.

1. உத்தரவு எனக்குத் தெரியாது. அதன் நகல் எனக்கு வரவில்லை.

2. உத்தரவு தெளிவாக இல்லை. அதற்கு இரண்டு விதமாகப் பொருள் வருகிறது.

3. நான் மீறவே இல்லை. பணம் கட்டிய ரசீது இதோ.

4. வேண்டுமென்றே மீறவில்லை. மருத்துவமனைச் சீட்டு இதோ.

5. மீறியதாகச் சொல்லும் நாளில் இருந்து ஓர் ஆண்டு கடந்துவிட்டது. ஓர் ஆண்டுக்குப் பிறகு அவமதிப்பு நடவடிக்கை தொடங்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது.

தவறு உண்மையிலேயே நம்முடையது என்றால் மன்னிப்புக் கேட்கலாம். மனதார, முதலிலேயே கேட்க வேண்டும். உத்தரவையும் உடனே நிறைவேற்ற வேண்டும். தண்டனை வரும் நேரத்தில் மட்டும் கேட்கும் மன்னிப்பைக் கோர்ட் எளிதில் நம்பாது.

தாய் மீதும் இந்தக் குற்றச்சாட்டு வரலாம். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்குக் காய்ச்சல். அதனால் தந்தையிடம் அனுப்பவில்லை. இது மறுப்பு அல்ல. ஆனால் முதல் நாளே தகவல் சொல்ல வேண்டும். டாக்டர் சீட்டை வைத்துக்கொள்ள வேண்டும். வேறு ஒரு நாளில் பிள்ளையைக் காட்ட வேண்டும்.

எடுபடாத பதில்கள்

"அவள் பிள்ளையைக் காட்டவில்லை. அதனால் நான் பணம் தரவில்லை." இது எடுபடாது. "அவர் பணம் தரவில்லை. அதனால் பிள்ளையைக் காட்டவில்லை." இதுவும் எடுபடாது. இரண்டும் தனித்தனி உத்தரவு. மற்றவர் மீறினால் நாம் மனுப் போடலாம். நாமும் மீறக் கூடாது.

"உத்தரவே தப்பு." இதுவும் எடுபடாது. தப்பு என்றால் மேல்முறையீடு செய்யலாம். மேல் கோர்ட் தடை போடும் வரை உத்தரவுக்குக் கட்டுப்பட வேண்டும்.

வருமானம் குறைந்துவிட்டால் ஜீவனாம்சத் தொகையைக் குறைக்கும்படி மனுப் போடலாம். உடனே போட வேண்டும். தொகை குறையும் வரை பழைய தொகையே செல்லும். 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு விதி சொன்னது. ஜீவனாம்ச வழக்கில் இருவரும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் உறுதிமொழியோடு எழுதித் தர வேண்டும். அங்கே பொய் எழுதக் கூடாது.

காகிதம் வந்ததும் செய்ய வேண்டியவை

நாளைப் பாருங்கள். எந்தக் கோர்ட், எந்தத் தேதி, வழக்கு எண் என்ன? இந்த மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மொழி தெரியாவிட்டால் படித்துக் காட்டச் சொல்லுங்கள். இதில் வெட்கம் வேண்டாம். 1990 பிப்ரவரி 4 அன்று எறணாகுளம் இந்தியாவின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அந்த மாவட்டத்திலும் பிற மொழிக் காகிதம் படித்தவருக்குக் கூடப் புரியாமல் போகலாம். புரியாத காகிதத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

பணத்தைக் கையில் கொடுக்காதீர்கள். வங்கி வழியாகக் கொடுங்கள். முழுத் தொகை முடியாவிட்டால் முடிந்ததைக் கட்டுங்கள். ஆயிரம் ரூபாய் கட்டினாலும் மனம் இருந்தது என்பதற்கு அது சாட்சி.

வக்கீலுக்குப் பணம் இல்லையா? இலவச சட்ட உதவி உண்டு. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஊனமுற்றோர், வருமானம் குறைந்தோர் ஆகியோருக்கு 1987ஆம் ஆண்டின் சட்டப்படி இது உரிமை. தாலுகா தோறும் இதற்கான குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

உயர் நீதிமன்றம் அவமதிப்புக்குத் தண்டனை கொடுத்தாலும் மேல்முறையீடு உண்டு. தண்டித்தது ஒரு நீதிபதி என்றால் 30 நாளுக்குள் செய்ய வேண்டும்.

நம் கொத்தனார் என்ன செய்தார்? காகிதத்தை எடுத்துக்கொண்டு சட்ட உதவி அலுவலகத்துக்குப் போனார். தம்பியும் கூடப் போனார். மருத்துவமனைச் சீட்டைக் காட்டினார். வாய்தா அன்று கோர்ட்டில் நின்றார். பாக்கியைத் தவணையாகக் கட்டுவதாகச் சொன்னார்.

"மாதம் 5000 கூடுதலாகக் கட்டுகிறேன் என்று எழுதட்டுமா?" என்று வக்கீலிடம் கேட்டார்.

"உங்களால் எவ்வளவு முடியும்?"

"2000 முடியும் ஐயா."

"அப்படியானால் 2000 என்றே எழுதுங்கள். எழுதிக் கொடுத்ததை மீறினால் அதுவும் அவமதிப்புதான்."

கால் குணமாகி வேலைக்குப் போனார். முதல் சம்பளத்தில் 8000 ரூபாயை வங்கியில் கட்டினார். பெட்டிக்கு அடியில் இப்போது நோட்டீஸ் இல்லை. பெட்டிக்குள் ரசீது இருக்கிறது.

பேசிப் பாருங்கள்

உங்கள் தெருவில் யாருக்காவது கோர்ட் காகிதம் வந்திருக்கிறதா? அவர் என்ன செய்தார்?

முடியாமைக்கும் மறுப்புக்கும் உள்ள வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டோடு சொல்லுங்கள்.

உங்கள் தாலுகாவில் சட்ட உதவிக் குழு எங்கே இருக்கிறது? விசாரித்து எழுதி வையுங்கள்.