மெர்ச்சண்டைசர் போனால் பாடமும் போகும்

திருப்பூர்க் கம்பெனி ஒன்று எங்கே தடுக்கி விழுந்தது என்பது அதன் ஷோரூமில் தெரியாது, காதர்பேட்டையில் தெரியும். பையர் தள்ளிவிட்ட சரக்கு அங்கேதான் மலிவு விலைக்குக் கைமாறுகிறது. ஷேட் மாறியது, துவைத்ததும் சுருங்கியது, ஷிப்மென்ட் தேதி தப்பியது என்று ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு கதை.

1970களின் பிற்பகுதியில் இத்தாலிய வியாபாரிகள் வந்தபோது, உள்நாட்டுக்கு வெள்ளை பனியன் தைத்துக்கொண்டிருந்த ஊர் இது. பிறகு ஜெர்மனி சில அசோ சாயங்களைத் தடை செய்தது. 2005இல் ஆடை ஏற்றுமதிக்கான கோட்டா முடிந்தது. 2011இல் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. ஒவ்வொரு அடிக்கும் ஊர் புதிதாக ஒன்றைக் கற்றது. ஜாப் ஒர்க் முறை அதற்குக் கைகொடுத்தது. ஒரே சாயப்பட்டறை பல கம்பெனிகளுக்கு வேலை செய்வதால், ஒருவர் பட்ட அடி அடுத்தவருக்கும் பாடமாகிவிடும்.

பணம் மட்டும் போதாது என்பதற்கும் இங்கே சான்று உண்டு. உள்ளூர்க்காரர்களைவிடக் குறைந்த முதலோடு தொடங்கிய வெளியூர்க்காரர்களின் ஏற்றுமதியே வேகமாக வளர்ந்தது என்று அபிஜித் பானர்ஜியும் கைவான் முன்ஷியும் 2004இல் எழுதினார்கள். அவர்கள் பார்த்தது முதலீட்டுப் பங்கீட்டை. எனக்கென்னவோ, சொந்தபந்தத்தின் பணம் பின்னால் இல்லாதவர் கற்றே தீர வேண்டியிருந்தது என்று தோன்றுகிறது.

ஆர்டர் வருவதற்கு விலையும் வரியும்தான் எல்லாம், வங்கதேசத்துச் சட்டைக்கு ஐரோப்பாவில் வரியே இல்லையே என்பார்கள். அதுவும் ஒரு காரணம்தான்.

என் கவலை வேறு. ஊர் கற்றதைக் கம்பெனி தக்கவைத்துக்கொள்கிறதா? ஃபேக்டரி ட்யூப்லைட்டில் ஒத்துப்போகும் இரண்டு நீலம், ஐரோப்பியக் கடை விளக்கில் தனித்தனியாகத் தெரியும். அதனால்தான் வெவ்வேறு விளக்குகள் உள்ள லைட் பாக்ஸில் வைத்துப் பார்க்கிறார்கள். எந்த பையர் எந்த விளக்கில் பார்ப்பார், எவ்வளவு வித்தியாசம் வரை விடுவார் என்பதெல்லாம், பையரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசருக்கு அத்துப்படி. சில ஆயிரம் கூடுதல் சம்பளத்துக்கு அவர் அடுத்த தெருக் கம்பெனிக்குப் போனால் அத்தனையும் கூடவே போய்விடுகிறது. புதிதாக வந்தவர் அதே நீலத்தில் மறுபடி மாட்டுவார். திரும்பச் சாயம் போட்டுத் தாமதமான சரக்கு, முதலாளி செலவில் விமானம் ஏறும்.

மெஷினுக்குக் கோடிக் கணக்கில் கடன் வாங்கும் முதலாளிகளிடம், போன வருடம் ரிஜெக்ட் ஆன லாட்களின் ரிப்போர்ட் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பையன் லேப்டாப்பில் இருந்தது, அவன் நின்று ஆறு மாசமாகிறதுங்க என்பார்கள்.