பலாவ் கல்லூரியின் தரச்சான்று

சின்னாளப்பட்டி பக்கம் போனால் காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகத்தைப் பார்க்கலாம். டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1956இல் தொடங்கியது. 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. இதற்குத் தரமதிப்பீடு செய்வது, பெங்களூரிலுள்ள தேசியத் தரமதிப்பீட்டு அமைப்பான ‘நாக்’.

பசிபிக் கடலிலுள்ள பலாவ் நாட்டின் மக்கள்தொகையோ சின்னாளப்பட்டி அளவுகூட இல்லை! ஆனாலும் கரோர் நகரில் சொந்தமாக ஒரு சமுதாயக் கல்லூரி வைத்திருக்கிறார்கள். அதற்குத் தரச்சான்று தருவதோ அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள ஓர் ஆணையம். பாடத்திட்டம், ஆசிரியர், நூலகம், கணக்குவழக்கு எல்லாவற்றையும் அலசுவார்கள். வெறும் கௌரவத்துக்கு அல்ல. சான்று போனால் மாணவர்களுக்கு வரும் அமெரிக்க அரசின் கல்வி உதவித்தொகையும் போய்விடும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மேற்படிப்பைத் தொடர்வதும் சிக்கலாகிவிடும்.